வலியில் இருப்பவர் சாக உதவி கேட்டால்: சட்டம் வேண்டுமா, வேண்டாமா?

கோட்டையூர் டீச்சர்

பிரிட்டன் மக்களவை 2025 ஜூன் 20 அன்று ஒரு மசோதாவை 314க்கு 291 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றிப் பிரபுக்கள் அவைக்கு அனுப்பியது. ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று மருத்துவர்கள் கணித்த நோயாளி, தெளிந்த மனதோடு தானே கேட்டால், உயிரை முடித்துக்கொள்ளும் மருந்தை அவருக்குத் தரலாம் என்பதுதான் அதன் சாரம். எங்கள் பங்காளி வீட்டு அறுபதாம் கல்யாணத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் "நியாயம்தானே" என்றார்கள். பெரியவர்கள் "சிவ சிவா" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாத சிகிச்சையை மறுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. ஆனால் மருத்துவர் கையால் மரணம் கொடுக்கும் சட்டம் நம் ஊருக்கு இன்றைக்கு ஆகாது. சமயத்தின் பெயரால் மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் வீடுகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் ஓர் அப்பத்தாவும் ஒரு சமையல்கார அம்மாவும் மட்டும் இருப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். வீட்டில் எத்தனையோ பங்கு. விற்பதா வைத்திருப்பதா என்ற பேச்சு வருடக் கணக்கில் ஓடும். அந்த அப்பத்தா படுத்துவிட்டால், "நான் ஏன் எல்லாருக்கும் பாரமாக இருக்கணும்" என்று சொல்லாத நாளே இருக்காது. ஏற்கெனவே அப்படிச் சொல்லிப் பழகியவருக்கு முன்னால் சட்டம் ஒரு படிவத்தை நீட்டினால், அவர் போடும் கையெழுத்து அவருடைய விருப்பமா, வீட்டாருடைய களைப்பா? அதை எந்த மருத்துவரால் பிரித்துப் பார்க்க முடியும்?

சைவம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். "உடம்பார் அழியின் உயிரார் அழிவர்" என்றார் திருமூலர். உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்தவர், அதற்குள் உத்தமன் கோயில் கொண்டான் என்று கண்டபின் அதை ஓம்பினேன் என்கிறார். ஆகவே உயிரைத் தானே முடிப்பதைச் சைவம் ஏற்காது என்று பொதுவாகச் சொல்லலாம். அதோடு நம் பெரியவர்கள் ஒன்றைச் சேர்ப்பார்கள்: "வினையை அனுபவித்துத்தான் தீர்க்கணும், பாதியில் விட்டால் அடுத்த பிறவிக்கு வரும்." இதை ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் வலியைப் பார்த்துச் சொல்வது சைவம் ஆகாது. சூலை என்னும் கடும் வயிற்றுவலி வந்தபோது அப்பர் பேசாமல் பொறுத்துக் கிடக்கவில்லை. "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்று கதறித்தான் பதிகமே தொடங்குகிறது. வலியை நீக்கு என்று கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

எல்லாச் சமயத்தாரும் எழுதுங்கள், சமயம் இல்லாதவர்களும் எழுதுங்கள். யாரையும் புண்படுத்தாமல் பேசுவோம்.

---

கண்டனூரான், சிங்கப்பூர்

ஆச்சி, மரியாதையோடு மறுக்கிறேன். சொத்துக்கு ஆசைப்படும் பிள்ளைகளை வைத்து எல்லாரையும் அளக்க வேண்டாம்.

எங்கள் அப்பச்சிக்குக் கணையத்தில் புற்றுநோய். கடைசி வாரங்களை ஐசியூவில்தான் கழித்தார். வாயில் குழாய், கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நான் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது அவரால் பேச முடியவில்லை. கண்ணால் எதையோ கேட்டார். "போதும்" என்றுதான் கேட்டார் என்று இன்றுவரை நம்புகிறேன். அவருக்கு யாரும் எதையும் கேட்கும் வாய்ப்பே கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இந்தச் சட்டம் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளி தன் வாயால் இரண்டு முறை கேட்க வேண்டும், எழுத்திலும் கேட்க வேண்டும், இரண்டு மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும், மருந்தை அவரே உட்கொள்ள வேண்டும். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நியூசிலாந்து மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி 2021இல் நடைமுறைப்படுத்தியது. வசதி இருப்பவர்கள் ஸ்விட்சர்லாந்து போகிறார்கள். அங்கே சுயநல நோக்கமின்றி உதவுவது 1942ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டப்படியே குற்றம் இல்லை. பணம் இருப்பவனுக்கு ஒரு சாவு, இல்லாதவனுக்கு ஒரு சாவு என்பதுதான் நாம் காக்கும் தர்மமா?

---

சாக்கோட்டை மாணவன்

நம் மரபில் இது இல்லவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வடக்கிருத்தல் என்று ஒன்று இருந்தது: வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர் விடுவது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், அவனை முன்பின் பார்த்திராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து பக்கத்தில் அமர்ந்தார். பாரி இறந்தபின் கபிலர் வடக்கிருந்தார் என்பதும் புறநானூற்றுச் செய்தி. பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சமணர்களின் சல்லேகனையும் அப்படித்தான். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் உள்ள கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. இந்தப் பக்கம் சித்தன்னவாசல் குகையில் இருக்கும் கற்படுக்கைகளும் சமணத் துறவிகள் கிடந்து நோன்பிருந்தவைதானே? ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் சல்லேகனையைத் தற்கொலைக்குச் சமம் என்று தடுத்தது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வினோபா பாவே 1982 நவம்பரில் உணவும் மருந்தும் வேண்டாம் என்று மறுத்து பவனாரில் உயிர் விட்டார். அவரை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. துறவிக்கு ஒரு நியாயம், புற்றுநோயாளிக்கு ஒரு நியாயமா?

---

கோட்டையூர் டீச்சர்

தம்பி, நல்ல கேள்வி. கோப்பெருஞ்சோழனை நீ எடுத்தது எனக்கு வசதியாகவே போயிற்று. அவன் ஏன் வடக்கிருந்தான்? அவன் பிள்ளைகள் இரண்டு பேரும் அரசுரிமைக்காக அவன்மேல் படை எடுத்தார்கள். புல்லாற்றூர் எயிற்றியனார் இடையில் புகுந்து, நீ தோற்றால் பழி, வென்றாலும் உனக்குப் பின் இந்த நாடு யாருக்கு என்று கேட்டுப் போரைத் தடுத்தார். அப்புறம்தான் அவன் போய் உட்கார்ந்தான். அவனுக்கு நோய் இல்லை, வலி இல்லை. பிள்ளைகளின் ஆசைதான் அவனைத் தள்ளியது. பிசிராந்தையாரின் நட்பை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பயப்படுவது அவர்களைத்தான்.

இன்னொன்று. வடக்கிருந்தவனும் சல்லேகனை நோற்றவரும் வினோபாவும் வேறொருவர் கையை இதில் சேர்க்கவில்லை. உணவை நிறுத்தினார்கள், உடம்பு தானாக அடங்கியது, ஒவ்வொரு நாளும் மனதை மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. இன்றைய சட்டம் கேட்பது ஒரு மருத்துவரின் கையை. "தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை" என்று குறள் விலக்குவது அந்தக் கையைத்தான்.

---

தேவகோட்டை வக்கீல்

விவாதம் போகும் வேகத்தில் சட்டம் எங்கே நிற்கிறது என்பது விட்டுப்போகக் கூடாது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று 1996இல் கியான் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பிறகு மும்பை கேஈஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கு. 1973இல் நடந்த பாலியல் தாக்குதலுக்குப் பின் அவர் நினைவு திரும்பாமலே கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தலாமா என்ற மனுவை 2011 மார்ச்சில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்கள் அதை எதிர்த்தது முக்கியக் காரணம். ஆனால் அதே தீர்ப்பில், உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தும் வழிக்கு முதன்முறையாகக் கதவு திறந்தது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார்.

2018 மார்ச் 9 அன்று வந்த தீர்ப்புதான் பெரியது. கண்ணியத்தோடு இறப்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி. இனிப் பயனில்லை என்னும் சிகிச்சையை நிறுத்தலாம். அதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அதைத்தான் லிவிங் வில் என்கிறோம். மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று முதலில் வைத்திருந்ததால் நடைமுறையில் எவராலும் பயன்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரின் கையெழுத்தும் போதும்.

மருத்துவர் மருந்து கொடுத்து உயிரை முடிப்பது இன்றும் குற்றம். நோயாளியே சம்மதித்தாலும் அது கொலைக்கு ஒரு படி கீழான குற்றமாகும், குற்றமில்லை என்று ஆகாது. தற்கொலைக்குத் துணைபோனால் இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 108ஆம் பிரிவில் பத்து வருடம் வரை சிறை. தற்கொலைக்கு முயன்றவரை மட்டும் தண்டிக்காமல் உதவ வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது.

கண்டனூர் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அப்பச்சிக்கு நடந்ததைத் தடுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. லிவிங் வில் எழுதாவிட்டால்கூட, நெருங்கிய உறவினர்கள் சம்மதித்தால் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து வென்டிலேட்டரை எடுக்கலாம். ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும் என்றும் இருக்கிறது. இது மக்களுக்குத் தெரியவில்லை. பல மருத்துவமனைகளுக்கும் தெரியவில்லை என்பதுதான் வேதனை.

---

இளையான்குடி வாசகர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எங்கள் மார்க்கத்தில் இதற்கு நேரான பதில் உண்டு. "உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள், நிச்சயமாக அல்லாஹ் உங்கள்மீது இரக்கமுள்ளவனாக இருக்கிறான்" என்று திருக்குர்ஆன் 4:29 சொல்கிறது. உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை முடிக்க எனக்கும் உரிமை இல்லை, மருத்துவருக்கும் இல்லை. ஒரு துன்பம் வந்தது என்பதற்காக மரணத்தை விரும்ப வேண்டாம் என்று நபிமொழி இருக்கிறது. கேட்டே ஆக வேண்டும் என்றால் இப்படிக் கேட்கச் சொன்னார்கள்: வாழ்வு எனக்கு நல்லதாக இருக்கும்வரை என்னை வாழ வை, மரணம் எனக்கு நல்லதாக இருக்கும்போது என்னைக் கைப்பற்றிக்கொள். எங்கள் உம்மா படுக்கையில் இருந்தபோது இந்த துஆவை, அதாவது பிரார்த்தனையைத்தான் ஓதிக்கொண்டிருந்தார்.

அதே நேரம், பலன் தராத சிகிச்சையை விட்டுவிடுவது பாவம் என்று எங்கள் அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்வதில்லை. மருத்துவம் பார்ப்பதே எல்லா நிலையிலும் கட்டாயமா என்பதில் பழைய காலத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு. வலிக்கு மருந்து கேட்பதும் தவறில்லை. பொறுமைக்குக் கூலி உண்டு என்பது உண்மை. அதைச் சொல்லி நோயாளியின் மருந்தை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. டீச்சரம்மா 'வினை' பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது.

---

இடைக்காட்டூர்

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலையும் கிட்டத்தட்ட இதுவே. 1980இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையும் 2020இல் வந்த கடிதமும் உயிரை முடிக்க உதவுவதை முற்றிலும் மறுக்கின்றன. ஆனால் 1957லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசும்போது, வழக்கத்துக்கு மீறிய கடும் சிகிச்சையை ஏற்க வேண்டிய கடமை நோயாளிக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். வலியைக் குறைப்பதற்காகவே கொடுக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும், நோக்கம் வலி நீக்கம் என்றால் அது தவறில்லை என்றார். இரண்டாம் யோவான் பவுல் 2005இல் கடைசி நாட்களில் மருத்துவமனைக்குத் திரும்பவில்லை, தம் அறையிலேயே இறந்தார்.

எங்கள் ஊரில் இதை யாரும் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டதில்லை. "கடைசி மூச்சுவரை எல்லாம் செய்யணும், இல்லாவிட்டால் பாவம்" என்றுதான் மக்கள் நினைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் நிலத்தை அடகு வைத்து ஐசியூவுக்குக் கட்டுகிறார்கள். அது பாவமில்லை என்பதைக் குருமார்கள் பீடத்திலிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டும்.

---

இரவுப்பணி நர்ஸ்

நீங்கள் எல்லாரும் சட்டமும் சமயமும் பேசுகிறீர்கள். வார்டில் நடப்பதை நான் சொல்கிறேன்.

மருத்துவர் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா" என்று கேட்பார். உயிர் வீட்டில் பிரிய வேண்டும் என்று நம் மக்களுக்கு ஓர் ஆசை. மருத்துவமனையில் இறந்தால் உடலை வீட்டுக்குள் கொண்டுபோவதில் சில குடும்பங்களுக்குத் தயக்கமும் உண்டு. அதனால் மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அழைத்துப் போகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஆம்புலன்ஸில் ஒருவர் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே வருவார். வீட்டு வாசலில் இறக்கி, உள்ளே படுக்க வைத்துவிட்டுக் குழாயை எடுப்பார்கள். வாயில் பால் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். சில சமயம் முடியாது. ஒரு ராத்திரி முழுக்க மூச்சுத் திணறிக்கொண்டே கிடப்பார்கள். அப்போது அந்த வீட்டில் கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் இருக்காது, நர்ஸ் இருக்க மாட்டாள், யாருக்கு போன் பண்ணுவது என்றும் தெரியாது.

சிகிச்சையை நிறுத்துவது நம் ஊரில் தினமும் நடக்கிறது. அதற்கு ஒரு முறை இல்லை, வலிக்கு மருந்து இல்லை, எழுத்து இல்லை. என் கோபம் அங்கேதான்.

மார்ஃபின் மாத்திரை விலை குறைவானது. ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வந்தபின் லைசென்ஸ் பிரச்சினைக்குப் பயந்து பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். பழைய பயம் மட்டும் போகவில்லை. "மார்ஃபின் கொடுத்தால் ஆள் போயிடுவாரா சிஸ்டர்" என்று உறவினர்கள் கேட்பார்கள். சில மருத்துவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சரியான அளவில் கொடுத்தால் வலி அடங்கித் தூங்குவார், எழுந்து பேரப்பிள்ளையோடு பேசுவார். பார்த்திருக்கிறேன். கேரளத்தில் 2008லேயே இந்த வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று அரசு கொள்கை வகுத்தது. ஊராட்சி அளவில் ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போகிறார்கள். நம் மாநிலத்திலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை கொடுக்க இடம் இருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். கேட்டால்தான் வருவார்கள்.

---

அருப்புக்கோட்டை மருமகள்

நான் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து காரைக்குடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு. 2010இல் செய்தித்தாள்களில் வந்தபிறகு வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. எங்களுக்கு முன்பே தெரியும். படுத்த படுக்கையான பெரியவர்களை வீட்டாரே முடித்து அனுப்புவார்கள். சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பெரியவரிடம் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். செய்பவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலி வேலைக்குப் போனால்தான் சோறு என்ற வீட்டில் படுக்கையில் இருப்பவரை யார் பார்ப்பது?

சட்டம் தடுக்கும்போதே இது நடந்தது. சட்டம் சரி என்று சொல்லிவிட்டால்? நான் டீச்சர் பக்கம்தான்.

---

பள்ளத்தூர் பொறியாளர்

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். மெதுவாகத்தான் தட்டச்சு செய்ய முடிகிறது, அதனால் சுருக்கமாக.

எனக்கு மோட்டார் நியூரான் நோய். கைகளில் தொடங்கியது, இப்போது விழுங்குவது கஷ்டமாகிறது. அடுத்து பேச்சு போகும், பிறகு மூச்சு. அறிவு மட்டும் பெரும்பாலும் கடைசிவரை தெளிவாக இருக்கும். எனக்கு வலி பெரிதாக இல்லை. ஆகவே நர்ஸம்மா சொல்லும் மார்ஃபின் என் கேள்விக்கு முழுப் பதில் இல்லை.

கோட்டையூர் ஆச்சி சொல்வதெல்லாம் மற்றவர்களைப் பற்றி. பேராசைக்காரப் பிள்ளைகள், தனியாக இருக்கும் அப்பத்தா, தலைக்கூத்தல். எல்லாம் உண்மை. ஆனால் என் பிள்ளைகள் நல்லவர்கள். என் மனைவி என்னைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்கிறாள். என்னை யாரும் தள்ளவில்லை. எந்தக் கட்டத்தில் போதும் என்று சொல்வது என்பதை நான் தீர்மானிக்க விரும்புகிறேன், அவ்வளவுதான். கெட்ட பிள்ளைகளுக்குப் பயந்து எழுதிய சட்டம் ஏன் என்னைக் கட்டிப்போட வேண்டும்?

சாமி கொடுத்த உயிர் என்கிறீர்கள். நானும் பிள்ளையார்பட்டிக்கு நடந்து போனவன்தான். கொடுத்தவர் எனக்கு அறிவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பயன்படுத்தாதே என்று அவர் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

---

கண்டனூரான், சிங்கப்பூர்

அண்ணே, நான் எழுத நினைத்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

---

இரவுப்பணி நர்ஸ்

சார், உங்கள் கருத்துக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். இப்போது எப்படி இருக்கிறீர்கள்? ராத்திரியில் தூக்கம் வருகிறதா, மனது ரொம்பக் கீழே போகிறதா? அப்படி இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். விழுங்கும் கஷ்டத்துக்கும் எச்சில் சேர்வதற்கும் மூச்சுத் திணறலுக்கும் நாங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் நன்றாகவே வேலை செய்யும். அது வலிக்கு மட்டுமான மருந்து இல்லை.

---

பள்ளத்தூர் பொறியாளர்

கேட்டதற்கு நன்றி சிஸ்டர். மனது சரியாகத்தான் இருக்கிறது. இப்போது சாக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. மகள் கல்யாணம் இருக்கிறது. திணறலுக்கு மருந்து உண்டு என்பது புதிய செய்தி, டாக்டரிடம் கேட்கிறேன். என் பயமே அதுதான்.

---

கோட்டையூர் டீச்சர்

தம்பி, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் அறிவையும் உங்கள் உறுதியையும் நான் சந்தேகிக்கவில்லை. உங்களைப்போல் ஒருவருக்கு மட்டும் சட்டம் எழுத முடியுமானால் எனக்கு ஆட்சேபம் சொல்வது கஷ்டம். ஆனால் சட்டம் ஊருக்கெல்லாம் எழுதப்படுவது. அது என்ன ஆகிறது என்பதற்குக் கனடா இருக்கிறது. 2016இல் சாவு நெருங்கியவர்களுக்கு என்று தொடங்கினார்கள். 2021இல் சாவு நெருங்காதவர்களுக்கும் விரித்தார்கள். மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கும் தருவது என்று முடிவு செய்து, தயாராக இல்லை என்று 2027 வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் மாற்றுத்திறனாளி அமைப்புகள்தான் முன்னால் நின்று எதிர்த்தன. வீடும் துணையும் கேட்டவர்களுக்கு அது கிடைப்பதற்குள் இது கிடைத்துவிடும் என்பது அவர்கள் பயம்.

கண்டனூர் தம்பி சொன்ன ஒரிகனிலும், கேட்டவர்கள் ஏன் கேட்டார்கள் என்று வருடா வருடம் அறிக்கை வருகிறது. வலியைக் காரணமாகச் சொன்னவர்களைவிட, தன் விருப்பப்படி இயங்க முடியவில்லை என்று சொன்னவர்களே அதிகம். மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டோம் என்று சொல்பவர்களும் ஏராளம். வயதானவருக்கு அரசு ஓரளவாவது கைகொடுக்கும் நாட்டிலேயே இப்படி. எல்லாம் பிள்ளைகள் தலையில் விழும் நம் ஊரில் எத்தனை பேர் அந்த ஒரு சொல்லுக்காகக் கேட்பார்கள்?

"உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வான் என்று அப்பால் நாற்கூற்றே மருந்து" என்று படித்திருப்பீர்கள். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நான்கில் கடைசி ஆள் நம் வீடுகளில் காணாமல் போய்விட்டார். பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க எல்லாராலும் முடியாது. அந்த நான்காவது ஆளை ஊரும் அரசும் சேர்ந்து நிறுத்தி வைக்கட்டும். நகரத்தார் தண்ணீர்ப் பந்தலும் சத்திரமும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றிரண்டையாவது கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லமாக்கினால் என்ன? அப்படி எல்லாம் செய்து பார்த்த ஓர் ஊரில் அப்புறமும் ஒருவர் கேட்டால், அன்றைக்கு இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசலாம். இன்றைக்கு முடியாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

---

சாக்கோட்டை மாணவன்

டீச்சர், அதுவரை இவரைப் போன்றவர்கள் காத்திருக்க வேண்டுமா? அவர்களுக்கு அவ்வளவு காலம் இல்லையே.

---

கோட்டையூர் டீச்சர்

இல்லைதான். அந்தக் கணக்கு என்னை உறுத்துகிறது. இருந்தாலும், கேட்காதவர் ஒருவரைக்கூட நாம் தள்ளிவிடக் கூடாது என்பது எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

---

பள்ளத்தூர் பொறியாளர்

ஆச்சி, உங்கள் பதிலை ஏற்கவில்லை. ஆனால் நேர்மையாகச் சொன்னீர்கள், அதற்கு வணக்கம். இங்கே பேசிய எல்லாச் சமயத்தாரும் சிகிச்சையை மறுக்கலாம் என்கிறீர்கள், உதவி கேட்கக் கூடாது என்கிறீர்கள். வென்டிலேட்டரை எடுத்தாலும் நான் சாகத்தான் போகிறேன், எடுப்பதும் ஒரு மருத்துவரின் கைதான். அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் உள்ள கோடு உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

வக்கீல் சார், லிவிங் வில் எழுத முடிவு செய்துவிட்டேன். தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய் போட வேண்டாம், நெஞ்சை அமுக்கி எழுப்ப வேண்டாம் என்று எழுதலாமா? என்னால் வெளியே வர முடியாது.

---

தேவகோட்டை வக்கீல்

எழுதலாம். என்னென்ன சிகிச்சை வேண்டாம், எந்த நிலையில் வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள். திணறலுக்கும் வலிக்கும் மருந்து கட்டாயம் வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்; பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பேச முடியாமல் போனபின் உங்கள் சார்பில் முடிவு சொல்ல ஒருவரைக் குறிப்பிட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவரையும் குறிப்பிடலாம். மனைவியையும் மகளையும் சேர்த்தே போடுங்கள், பிறகு ஒருவர்மேல் மட்டும் சுமை விழாது. அவர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். தாள் இருந்தும் வீட்டார் பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பயனில்லை.

சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும், சொத்தில் பங்கில்லாதவர்களாக இருந்தால் நல்லது. நோட்டரியை வீட்டுக்கே அழைத்து வரலாம். ஒரு பிரதி உங்கள் டாக்டரிடம், ஒன்று குடும்பத்தாரிடம், ஒன்று உள்ளாட்சி அலுவலகத்தில் இதற்கென்று பொறுப்பில் இருப்பவரிடம். எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். கையெழுத்து வரும்போதே போட்டுவிடுவது நல்லது, தள்ளிப்போட வேண்டாம். தனிச்செய்தியில் விலாசம் அனுப்புங்கள், தமிழில் வரைவு எழுதிக்கொண்டு நானே வருகிறேன். கட்டணம் வேண்டாம்.

---

அருப்புக்கோட்டை மருமகள்

வக்கீல் சார், அந்தத் தமிழ் வரைவை இங்கேயும் போடுங்கள். எங்கள் மாமியாருக்கும் மாமாவுக்கும் படித்துக் காட்ட வேண்டும்.